பட்டைத் தோலா, குரோம் தோலா, ரெக்ஸினா? ஒரு பை வாங்கும் முன்

கையால் தைத்த தோல் பையின் விளம்பரத்தில் இரண்டு செய்திகள் தவறாமல் இருக்கும். ஒன்று, தாவர முறையில் பதனிட்டது. இன்னொன்று, கைத்தையல். மூன்றாவதை வாங்குபவரே மனதுக்குள் எழுதிக்கொள்கிறார்: ஆகவே இது சுற்றுச்சூழலுக்கு நல்லது. முதல் இரண்டும் உண்மையாகவே இருந்தாலும் மூன்றாவது அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடாது. ஓய்வு நேரத்தில் பல வருடங்களாகத் தோல் தைப்பவன் நான். தாவர முறையில் பதனிட்ட பட்டைத் தோல் மேல் எனக்குப் பிரியம் அதிகம். அந்தப் பிரியத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஒரு பையோ பெல்ட்டோ வாங்கப் போகிறவர் முன்னால் இருக்கும் வழிகளை எடைபோட்டுப் பார்க்கிறேன்.

பச்சைத் தோலில் இருப்பது கொலாஜன் என்ற புரத நார். அப்படியே விட்டால் அழுகும். காய்ந்தால் பலகை போல விறைக்கும். நார்களுக்கிடையே எதையாவது புகுத்திப் பிணைத்துவிட்டால் அழுகாது, வளையவும் செய்யும். அதுதான் பதனிடுதல். பிணைப்பது டானின் என்றால் பட்டைத் தோல். டானின் வேறொன்றுமில்லை, கடுக்காயைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்புதான். அங்கே எச்சிலின் புரதத்தைப் பிடிக்கிறது, இங்கே தோலின் புரதத்தை. டானினுக்குப் பதிலாகக் குரோமிய உப்பு பிணைத்தால் அது குரோம் தோல். 1858-ல் ஃபிரீட்ரிஷ் நாப் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் காட்டிய வழி இது. 1884-ல் அகஸ்டஸ் ஷூல்ஸ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பிறகு தொழிலாக வளர்ந்தது. இன்று உலகில் பதனிடப்படும் தோலில் பத்துக்கு எட்டுப் பங்குக்கு மேல் குரோம்தான். காரணம் வேகம். குரோம் ஒரு நாளில் முடிக்கும் வேலைக்குப் பட்டைச் சாற்றுக் குழியில் வாரங்களும் மாதங்களும் ஆகும். ஓக் பட்டைக் குழியில் ஊறவைக்கும் பழைய முறையில் ஓராண்டையும் தாண்டும்.

ஆறு முதலில் கெடுவது எங்கே?

இந்த இரண்டு முறைகளும் பிரிவதற்கு முன் வெகுதூரம் ஒரே பாதையில்தான் வருகின்றன. பட்டையா குரோமா என்று சண்டை போடுகிறவர்கள் இந்தப் பாதையைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை.

உரித்த தோல் சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும் என்பதால் உப்புப் போடுகிறார்கள். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உப்பு. ஆலைக்கு வந்ததும் அந்த உப்பைக் கழுவ வேண்டும். அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் ஊறவைத்து முடியைக் கரைக்க வேண்டும். பிறகு உட்புறத்துச் சதையைச் சீவி, சுண்ணாம்பை நீக்கி, நொதியால் மிருதுவாக்க வேண்டும். தோல் ஆலையின் கழிவுநீர் அழுக்கில் பெரும்பங்கு இந்தக் கட்டத்திலேயே உண்டாகிவிடுகிறது. டானினோ குரோமோ இன்னும் தொட்டிக்கே வரவில்லை. ஒரு டன் உப்பிட்ட தோல் உள்ளே போனால் தயாரான தோலாக வெளியே வருவது ஏறத்தாழ 250 கிலோ. மீதியெல்லாம் முடி, சதை, கொழுப்பு, சீவல், தூள்.

இதில் உப்புதான் மோசமான விருந்தாளி. சல்பைடை ஆக்சிஜன் ஏற்றி அடக்கலாம். கரிமக் கழிவை நுண்ணுயிர்களைக் கொண்டு தின்னவைக்கலாம். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. சவ்வு வழியாக அழுத்திப் பிரித்து, மிஞ்சும் நீரை ஆவியாக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும், கடைசியில் யாருக்கும் வேண்டாத ஒரு உப்புக் குவியலும் மிஞ்சும். ஆகவே தாவரப் பதனிடல், ரசாயனமே இல்லை என்று எழுதியிருந்தால், எழுதியவர் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் போனதில்லை என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஆலைக்குச் சரியான சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா என்பது எதைக் கொண்டு பதனிட்டார்கள் என்பதைவிடப் பெரிய கேள்வி. வங்கதேசத்தில் 2017-ல் டாக்காவின் ஹசாரிபாக் ஆலைகளைச் சவாருக்கு மாற்றினார்கள். அங்கே அமைத்த பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஈடுகொடுக்கவில்லை. புரிகங்கா சுமந்ததைத் தலேஸ்வரி ஆறு சுமக்கத் தொடங்கியது.

பட்டையும் குரோமும்

குரோமைப் பற்றிய பயத்தில் பாதி நியாயம், பாதி குழப்பம். பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம், நச்சுத்தன்மை குறைவு. புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படுவது ஆறு இணைதிறன் குரோமியம். சிக்கல் என்னவென்றால், தோலில் ஏற்றிய கொழுப்பு எண்ணெய் சரியில்லாவிட்டாலோ, சூடும் வறட்சியும் கூடினாலோ முதலாவது கொஞ்சம் இரண்டாவதாக மாறக்கூடும். மாறினால் தோல் ஒவ்வாமை வரும். அதனால்தான் சருமத்தில் படும் தோல் பொருட்களில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதித்திருக்கிறது. நன்றாக நடத்தப்படும் ஆலைக்கு இந்த வரம்பு பெரிய சவாலில்லை.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. வழக்கமான முறையில் தொட்டியில் போடும் குரோமில் 60 முதல் 70 விழுக்காடுதான் தோலுக்குள் போகிறது. மீட்டெடுக்கும் வசதி இல்லாத ஆலையில் மிச்சம் கழிவுநீரோடு போகும். தோலைச் சீவும்போது விழும் தூளிலும் குரோம் இருக்கிறது. அதை எருவாக்க முடியாது. கண்டபடி எரித்தால் ஆறு இணைதிறனாக மாறும் ஆபத்து உண்டு.

பட்டைத் தோலில் இந்தத் தலைவலி இல்லை. வேறு தலைவலி உண்டு. குரோம் உப்பு தோலின் எடையில் 6 முதல் 8 விழுக்காடு போதும் என்றால், டானின் சாறு 20, 30 விழுக்காடு வரை வேண்டும். கழிவுநீர் கரும்பழுப்பாக வரும், ஆக்சிஜனை நிறைய இழுக்கும். தோலை அழுகவிடாமல் காப்பதுதானே டானினின் வேலை? சுத்திகரிப்புத் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்களிடமும் அது அதே வேலையைக் காட்டுகிறது. அவை அதை மெதுவாகத்தான் செரிக்கின்றன.

பிறகு, எந்தத் தாவரம்? இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கடுக்காயும் பெரு நாட்டின் தாராக் காயும் பறித்தால் போதும், மரம் நிற்கும். வாட்டில் என்ற அகேசியா வகை மரத்தின் பட்டைக்கு மரத்தையே வெட்ட வேண்டும். ஆனால் அது தோட்டமாக வளர்க்கப்படும், சீக்கிரம் வளரும் மரம். செஸ்ட்நட் சாறு கட்டையிலிருந்து வருகிறது. வெட்டிய அடியிலிருந்தே தழைக்கும் மரம் என்பதால் ஓரளவு நிம்மதி. கெப்ராச்சோ என்ற தென் அமெரிக்க மரம் அப்படியில்லை. அதன் டானின் நடுக்கட்டையில் இருக்கிறது, மரமோ மிக மெதுவாக வளர்வது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அர்ஜென்டினாவின் வடபகுதிக் காடுகளை லா ஃபொரெஸ்தால் என்ற ஆங்கிலேய முதலீட்டு நிறுவனம் தண்டவாளம் போட்டு வெட்டித் தீர்த்தது இந்தச் சாற்றுக்காகத்தான். தாவரம் என்ற சொல்லுக்குள் பறித்த காயும் இருக்கிறது, அழிந்த காடும் இருக்கிறது.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால், பதனிடும் கட்டத்தில் மட்டும் பட்டைக்கு ஒரு முன்னிலை உண்டு: கன உலோகம் இல்லை, சீவல் எருவாகலாம், மேலே பிளாஸ்டிக் பூச்சு இல்லாவிட்டால் மண்ணில் கரையும். முன்னிலை இருக்கிறது, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை. சுத்திகரிப்பு இல்லாத பட்டை ஆலையைவிட, குரோமை மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்தும் ஒழுங்கான ஆலையை நான் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன். ஆலைகளைத் தணிக்கை செய்ய 2005-ல் தொடங்கிய லெதர் ஒர்க்கிங் குரூப், இத்தாலியின் டஸ்கனியில் 1994-ல் உருவான தாவரப் பதனிடல் கூட்டமைப்பு போன்றவை முழுப் பாதுகாப்பு தராவிட்டாலும், தோல் எங்கிருந்து வந்தது என்று கேட்க ஒரு முகவரியாவது தருகின்றன.

குரோம் இல்லாதது என்று எழுதியிருப்பதெல்லாம் பட்டைத் தோல் என்றும் நினைக்க வேண்டாம். குரோம் இல்லாத கார் இருக்கைத் தோலில் பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு என்ற செயற்கைப் பொருளே அந்த வேலையைச் செய்கிறது.

கை எங்கே வருகிறது?

பட்டைத் தோலின் நிஜமான வலிமை பதனிடும் தொட்டியில் இல்லை, தையல் மேசையில் இருக்கிறது என்பதே இத்தனை வருடத்தில் நான் கண்டது. பட்டைத் தோலை வெட்டிய விளிம்பைக் கொஞ்சம் ஈரமாக்கி, பள்ளம் வெட்டிய மரத்துண்டால் வேகமாகத் தேய்த்தால் நார்கள் ஒன்றோடொன்று படிந்து கண்ணாடி போல் மின்னும். பூச்சு எதுவும் வேண்டாம். பத்து வருடம் கழித்து விளிம்பு பிசிறினால் மறுபடி ஈரம், மறுபடி தேய்ப்பு. ஐந்து நிமிடத்தில் புதுசு. குரோம் தோல் விளிம்பு ரப்பர் மாதிரி நழுவும், படியாது. அதனால் அதன் மேல் அக்ரிலிக் அல்லது பியூ (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்) வண்ணத்தைப் பூசுகிறார்கள். பர்ஸின் ஓரத்தில் கறுப்பு நாடா போல் உரிந்து தொங்குமே, அதுதான் அது. உரிந்தால் வீட்டில் சரிசெய்வது கடினம்.

தையலும் அப்படித்தான். எந்திரத்தில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு போகும். ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளர்ந்து பிரியக்கூடும். கைத்தையலில் ஒரே மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் செலுத்துகிறோம். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்து நிற்கும். அறுந்த இடத்தில் மட்டும் நூல் கோத்தால் போதும். கைத்தையல் என்பதற்குச் சுற்றுச்சூழல் சார்ந்த பொருள் ஏதாவது உண்டென்றால் அது இந்தப் பழுதுபார்க்கும் வசதிதான். மற்றபடி கையால் தைத்ததாலேயே ஒரு பொருள் பசுமையாகிவிடாது. நெகிழியைக்கூடக் கையால் தைக்கலாம்.

பட்டைத் தோலின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நான் தைத்த முதல் தோள்பை மழையில் நனைந்தது. அதன் பையறையில் ஒரு இரும்புச் சாவிக்கொத்து இருந்தது. மறுநாள் காலை வெளிப்புறத்தில் சாவியின் வடிவத்திலேயே நீலக்கறுப்புக் கறை. டானினும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். நான் தெரியாமல் என் பைக்குள் ஒரு மைக்கூட்டைச் செய்து வைத்திருந்தேன். கறை இன்றும் இருக்கிறது. ஈரப்பதமான அலமாரியில் பூட்டி வைத்தால் பட்டைத் தோலில் பூஞ்சை பூக்கும். கொதிநீர் பட்டால் சுருளும். அது சுருங்கத் தொடங்கும் வெப்பம் 70 முதல் 85 டிகிரி செல்சியஸ், நல்ல குரோம் தோலோ 100 டிகிரியையும் தாங்கும். நீண்ட ஆயுள் என்பதும் நிபந்தனையோடுதான். நிலக்கரிப் புகை சூழ்ந்த காலத்தில் நூலகங்களின் தோல் அட்டைகள் செந்தூளாக உதிரத் தொடங்கி, 1900-களின் தொடக்கத்தில் லண்டனில் அதற்கென்றே குழு அமைத்து ஆராய்ந்தார்கள். காற்றில் இருந்த கந்தகப் புகையும் சில வகை டானின்களும் சேர்ந்து செய்த வேலை அது.

ரெக்ஸினும் 'சைவத் தோல்'களும்

ரெக்ஸின் என்று நாம் சொல்வது பெரும்பாலும் துணியின் மேல் பூசிய பியூ அல்லது பிவிசி. இரண்டும் பெட்ரோலியத்தின் பிள்ளைகள். ஒரு சதுர மீட்டருக்கு என்று கணக்கிட்டால் இவற்றின் கார்பன் சுமை மாட்டுத்தோலைவிடக் குறைவாகவே வருகிறது. அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் சதுர மீட்டரை யாரும் தோளில் மாட்டிக்கொண்டு போவதில்லை. பியூ காற்றின் ஈரத்திலேயே மெல்லச் சிதையும் பொருள். பயன்படுத்தாமல் பத்திரமாக வைத்தாலும் சில ஆண்டுகளில் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரியும். உரிந்ததைத் தைக்க முடியாது, தேய்த்து மெருகேற்ற முடியாது, மறுசுழற்சிக்கும் எடுக்கமாட்டார்கள்.

ஒரு பேச்சுக்கு, ரெக்ஸின் பெல்ட்டின் சுமை ஒன்று, தோல் பெல்ட்டின் சுமை ஐந்து என்று வைத்துக்கொள்வோம். ரெக்ஸின் பெல்ட் ஒன்றரை வருடம் உழைத்தால், தோல் பெல்ட் ஏழரை வருடத்தைத் தாண்டிய பிறகுதான் லாபம். ஒற்றைத் தடிமனில் வெட்டிய பட்டைத் தோல் பெல்ட் அதைச் சுலபமாகத் தாண்டும். ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாணி மாறியது என்று தூக்கிப் போடுகிறவர் கையில் தோல் பெல்ட்தான் பெரிய விரயம். வாங்குபவரின் குணமும் கணக்கில் வருகிறது.

கள்ளி, அன்னாசி, ஆப்பிள், காளான் என்று வந்திருப்பவற்றை ஆர்வத்தோடு பார்த்தேன், கொஞ்சம் ஏமாந்தேன். மெக்சிகோ நிறுவனம் ஒன்று 2019-ல் அறிமுகப்படுத்திய டெசர்ட்டோ கள்ளித் தோலில் கள்ளி இருக்கிறது, கூடவே பியூவும் இருக்கிறது. பின்யாடெக்ஸ் அன்னாசி இலை நாரையும் பிஎல்ஏ என்ற தாவரப் பிளாஸ்டிக்கையும் சேர்த்து, மேலே பிசின் பூசியது. காளான் வேரிழைத் தோலான மைலோவைப் பெரிய நிறுவனங்கள் கொண்டாடின. 2023-ல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஜெர்மனியின் ஃபிரைபெர்க் நகரிலுள்ள ஃபில்க் ஆய்வு நிறுவனம் 2021-ல் இந்த வகைப் பொருட்கள் சிலவற்றையும் தோலையும் ஒரே சோதனைகளுக்கு உட்படுத்திப் பார்த்தது. ஒன்றிரண்டு சோதனைகளில் ஈடுகொடுத்தவை உண்டு, தோலின் எல்லாப் பண்புகளையும் ஒருசேரக் கொண்டது எதுவுமில்லை. விலங்கைக் கொல்லும் தொழிலோடு தொடர்பே வேண்டாம் என்பவருக்கு இவை ஒரு வழி. பிளாஸ்டிக்கே வேண்டாம் என்பவருக்கு இவற்றில் பெரும்பாலானவை வழியில்லை.

மாடு

இனித் தள்ளிப்போட முடியாத கேள்வி. தோல், இறைச்சியின் துணைப்பொருள். தோலுக்காக யாரும் மாடு வளர்ப்பதில்லை என்பார்கள். பெருமளவுக்கு உண்மை. மாட்டின் மொத்த மதிப்பில் தோலின் பங்கு மிகச் சிறியது. 2019, 2020 வாக்கில் கச்சாத் தோல் விலை விழுந்தபோது அமெரிக்காவில் பல லட்சம் தோல்கள் பதனிடப்படாமல் குப்பைக்கே போயின. வாங்க ஆள் இல்லை என்பதற்காக மாடு வளர்ப்பு நின்றுவிடவில்லை. ஆனால் அதை வைத்து, தோலின் சுமை பூஜ்யம் என்று சொல்வதும் வசதிக்கேற்ற கணக்குதான். உலகின் பசுங்குடில் வாயு வெளியீட்டில் கால்நடை வளர்ப்பின் பங்கு 14.5 விழுக்காடு என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013-ல் மதிப்பிட்டது. அதில் எவ்வளவைத் தோலின் தலையில் எழுதுவது என்பதைப் பொறுத்து, ஒரே பை ஒரு அறிக்கையில் நல்லதாகவும் இன்னொன்றில் மோசமானதாகவும் தெரியும். அமேசான் காட்டை அழித்த மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்த தோலாக இருந்தால், பின்னால் அதை எவ்வளவு அருமையான காயில் பதனிட்டும் பயனில்லை. எந்த நாட்டு மாடு என்று கேட்டால் பதில் சொல்லும் தையல்காரரிடம் வாங்குவது என் வழக்கம். பலர் பதில் சொல்வதில்லை.

எதற்கு எது

பெல்ட், பர்ஸ், கைக்கடிகார வார், செருப்பின் அடித்தோல், தோள்பையின் வார்: இவற்றுக்கு யோசிக்காமல் பட்டைத் தோல். தடிமன் வேண்டும், விளிம்பு வெளியே தெரியும், தேய்மானம் அதிகம், பழுதுபார்க்க முடியும். பெல்ட் என்றால் துளை போட்ட இடத்தில் பாருங்கள். உள்ளே ஒரே தோல் தெரிந்தால் வாங்கலாம். இரண்டு மெல்லிய தோலுக்கு நடுவே அட்டை மாதிரி ஏதாவது தெரிந்தால் அது தோல் தூளையும் பிசினையும் சேர்த்து அழுத்தியது, மடியும் இடத்தில் முறியும். தோல் என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தத் தோல் என்று கேளுங்கள். மேல்தோலை முழுசாக வைத்திருப்பதுதான் உழைக்கும்.

மழையில் நடக்கும் ஷூ, மெல்லிய ஜாக்கெட், சோபா உறை போன்றவற்றுக்குக் குரோம் தோல்தான் பொருத்தம். மிருதுவாக இருக்கும், எடை குறைவு, தண்ணீரையும் சூட்டையும் தாங்கும். இந்த இடங்களில் கொள்கைக்காகப் பட்டைத் தோலை வாங்கினால் அது இரண்டு வருடத்தில் விறைத்து, அலமாரியின் மூலைக்குப் போகும். மூலையில் கிடக்கும் பையைவிடப் பெரிய மாசு எனக்குத் தெரிந்து இல்லை.

வாங்கும் இடத்தில் வகை கண்டுபிடிக்க ஒரு வழி, வெட்டிய விளிம்பைப் பார்ப்பது. நடுவே நீலச்சாம்பல் கோடு ஓடினால் குரோம். பழுப்பாகவோ வெளிர் மஞ்சளாகவோ சீராக இருந்தால் பெரும்பாலும் பட்டை. பூச்சில்லாத பட்டைத் தோலில் ஒரு சொட்டு நீர் வைத்தால் உறிஞ்சிக் கறுக்கும். உருண்டு ஓடினால் மேலே பூச்சு இருக்கிறது. பிளாஸ்டிக் பூச்சு போட்ட பட்டைத் தோல் மண்ணில் கரையும் என்ற வாக்குறுதியை மறந்துவிடலாம்.

விலங்குத் தோல் வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கு நான் ரெக்ஸினைச் சொல்லமாட்டேன், கள்ளித் தோலையும் இப்போதைக்குச் சொல்லமாட்டேன். கெட்டியான கான்வாஸ் துணி. தோலைப் போல் தோன்ற வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. ஒருவர் பயன்படுத்திய பழைய தோல் பை கிடைத்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் அது வென்றுவிடும். புதிதாக எந்த மாடும் இல்லை, எந்தத் தொட்டியும் இல்லை. நூல் அறுந்திருந்தால் இரண்டு ஊசி போதும். வீட்டில் ஏற்கெனவே ரெக்ஸின் பை இருந்தால், குற்றவுணர்ச்சியில் அதை வீசிவிட்டுத் தோல் பை வாங்க ஓடாதீர்கள். உரியும் வரை உழைக்கட்டும்.

என் இப்போதைய பை மெழுகு பூசிய கான்வாஸ். அடிப்பாகமும் வாரும் மட்டும் பட்டைத் தோல். அவை அந்தக் கறைபட்ட பழைய பையிலிருந்து வெட்டியவை. சாவிக்கொத்தின் வளையத்தைப் பித்தளைக்கு மாற்றிவிட்டேன்.